பன்னிரண்டு எம்பி மரியாதை

"ஏம்மா, இது என்ன, சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

நான் செய்து காட்டிய வெப்சைட் பக்கத்தைப் பார்த்துப் பாசனச் சங்கத் தலைவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. மேலே சங்கத்தின் பெயர். கீழே, இந்த வாரம் எந்த மடைக்கு என்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று ஒரு சின்ன அட்டவணை. தொட்டால் உடனே வந்து நிற்கும். பழைய போனிலும் வரும், சிக்னல் ஒற்றைக் கோடு காட்டுகிற இடத்திலும் வரும். ஒரு பக்கத்தில் எதையாவது சேர்ப்பது சுலபம், பொழுது போகாதவன்கூடச் செய்துவிடுவான். வேண்டாததை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதற்குத்தான் நாள் பிடிக்கும். அத்தனை நாள் வேலைக்கும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் பாடை கட்டினார்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வெப்சைட் செய்கிறவள். கல்லூரி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று யார் வந்தாலும் செய்து கொடுப்போம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், அலுவலகத்திலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் கட்டிய கோட்டை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

சங்கத்து வேலையை நானாகவே கேட்டு வாங்கினேன். காரணம் என் மதினி. அண்ணன் வெளிநாட்டுக்குப் போன பிறகு, சேரன்மகாதேவி ரோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் கால்வாயை ஒட்டி ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து அவள்தான் பயிர் வைக்கிறாள். வயல்காரர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கொடுக்கும்போதே இழுத்தார். "பொம்பளையாத் தனியா நின்னு என்னத்தச் செஞ்சிருவ? சரி, ஒரு பூ பாப்போம். வெளஞ்சா நீயே வச்சிக்கோ. இல்லைன்னா நான் வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு பூ என்றால் ஒரு விளைச்சல். ஐப்பசியில் நட்டுப் பங்குனியில் அறுக்கிற அந்தப் பிசான நெல் விளைந்தால் வயல் அவளுக்கு. விளையாவிட்டால் இல்லை.

பிசானத்தின் கடைசியில் அணையில் தண்ணீர் குறைந்துவிட்டால் மடைக்கு மடை முறை வைத்துத்தான் விடுவார்கள். உன் முறை வருகிறபோது மண்வெட்டியோடு வயலில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். முன்பெல்லாம் வாட்சப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தேர்தல் சமயத்தில் அதில் ஆளாளுக்குச் சண்டை போட்டு, குரூப்பையே கலைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பக்கத்து ஊர்ச் சங்க அலுவலகத்தில் இருக்கிற கரும்பலகை மட்டும். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் மதினிக்கு அரைநாள் வேலை கெட்டுவிடும். அதனால்தான் வெப்சைட் என்றதும் என்னைவிட அவளுக்குச் சந்தோஷம்.

"ஏளா, கலரு கிலரு ஒண்ணும் வேண்டாம் எனக்கு. என்னைக்கித் தண்ணி, எத்தன மணிக்கி. அது தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாகத் தனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் சொன்ன ஆள் வேறு யாரும் இல்லை.

பக்கம் மெலிந்து இருக்க வேண்டும் என்ற பைத்தியம் எனக்கு அதற்கும் முன்னாலேயே பிடித்துவிட்டது. என் பழைய போன் நன்றாகத்தான் இருந்தது, கீழே போட்டதுகூட இல்லை. ஆனால் எதைத் திறந்தாலும் திணறும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "போனுல ஒரு கொறையும் இல்லக்கா. இப்ப வாற பக்கமெல்லாம் கனமா இருக்கு, இது தாங்காது. புதுசு வாங்கிருங்க" என்றார். என்னைப் போன்றவர்கள் செய்கிற பக்கங்களைத் தூக்க முடியாமல் ஒரு நல்ல போன் குப்பைக்குப் போகிறது! நல்லா இருக்கு நியாயம் என்று அன்றைக்கு அந்தக் கடையிலேயே வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கடை மேஜைக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய அப்படிப்பட்ட போன்கள் கிடந்தன.

ஒரு படம் நம் கைக்கு வருவதற்கு எங்கேயோ ஒரு கட்டடத்தில் மெஷின்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். அவை சூடாகாமல் இருக்க ஏசி ஓட வேண்டும். வழியில் டவர் ஓட வேண்டும். கடைசியில் நம் போன் சூடாகிச் சார்ஜ் இறங்க வேண்டும். எல்லாம் கரண்டு. கூடங்குளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வள்ளியூர் தாண்டினால் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நிற்கின்றன. அப்படியும் கரண்டு என்பது சுவரில் இருக்கிற ஓட்டைக்குள் தானாக ஊறுகிறது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் தலைவரிடம் பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீ சொல்லது சரிதாம்மா. நாங்களும் ஆத்தக் காப்போம்னு சொல்லுத ஆளுங்கதானே. அப்பம் ஒண்ணு செய்யி. பச்சைக் கலராப் போட்டுரு. ஓரத்துல ரெண்டு எல வரைஞ்சிரு. திறந்த ஒடனே நம்ம ஆறு அப்படியே பொங்கி வரணும். டிரோன் விட்டு எடுத்த வீடியோ இருக்கு, தாரேன்."

சுற்றுச்சூழல் என்றால் பச்சை பெயின்ட் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்கள் என் கையில் கிடைக்கட்டும். ஆற்றங்கரையில் 'தாமிரபரணியைக் காப்போம்' என்று பிளெக்ஸ் வைப்பார்கள். அந்த பிளெக்ஸே கிழிந்து ஆற்றில் விழுந்து மடையில் போய் அடைக்கும். அதை எடுத்துப்போடுவதற்கு மதினி மாதிரி ஒருத்தி முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும்.

வீடியோவைத் தவிர இன்னொன்றும் வந்தது. நிர்வாகிகள் அத்தனை பேருடைய போட்டோவும் முதல் பக்கத்திலேயே வர வேண்டுமாம். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் காதுகுத்து பிளெக்ஸில் ஒரு மாமன் முகம் இன்னொரு மாமன் முகத்தைவிட ஒரு விரற்கடை சின்னதாக இருந்தால் பந்தியில் உட்காராமல் எழுந்து போய்விடுவார்கள். அதனால் எல்லா முகத்தையும் ஒரே அளவில் வெட்டி வரிசையாக வைத்தேன். படத்தின் கனத்தை மட்டும் குறைத்தேன். ஸ்டுடியோக்காரர் கொடுத்த ஒவ்வொரு படமும் கோயில் வாசல் பிளெக்ஸ் அடிக்கிற கனத்தில் இருந்தது. போனில் ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிற முகத்துக்கு அது எதற்கு? குறைத்த பிறகு பார்த்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே செயலாளர். யாரோ தலைவருக்கு ஒரு படத்தைத் தொட்டு அதன் கனத்தைப் பார்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"என் போட்டோ பன்னெண்டு எம்பிம்மா. ஸ்டுடியோவுல கேட்டுட்டுத்தான் வாரேன். நீ அத நாப்பது கேபி ஆக்கி வச்சிருக்க."

"அண்ணாச்சி, பாக்கதுக்கு ஒண்ணுபோலத்தான இருக்கு?"

"அது கெடக்கட்டும். செயலாளருக்கு எவ்வளவு போட்டுருக்க? நூத்திப்பத்து! தலைவனுக்கு நாப்பது, செயலாளருக்கு நூத்திப்பத்தா?"

செயலாளர் மெதுவாக மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு இது பிடித்திருந்தது என்று நன்றாகத் தெரிந்தது.

விளக்கினேன். தலைவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறார். சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் கம்ப்யூட்டர் அதை நன்றாகச் சுருக்கிவிடும். செயலாளர் வாழைத்தோப்பில் நின்று எடுத்திருக்கிறார். அதில் இலை இலையாக நிறைய விஷயம் இருப்பதால் அவ்வளவு சுருங்காது. இதற்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

தலைவர், "அப்பம் நான் வெறுஞ்செவரு, அவரு தோப்பு. அப்படித்தானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும் விட்டேன். அதோடு காரியம் கெட்டது. எங்கள் முதலாளி ஓடிவந்து இரண்டு பேருக்கும் காப்பி வரவழைத்து, "கோட்டிக்காரப் பிள்ள அண்ணாச்சி, அது தெரியாமச் செஞ்சிட்டு" என்று சமாதானம் பேசினார். தெரியாமலா செய்தேன்? தெரிந்ததனால்தானே செய்தேன்! கடைசியில் முடிவானது என்னவென்றால், எல்லோர் படத்தையும் ஸ்டுடியோ கொடுத்தபடியே ஏற்றிவிட வேண்டும். அதிலும் சிலருடையது எட்டு, சிலருடையது ஒன்பது எம்பி என்று இருந்தது. அவர்களை மறுபடியும் ஸ்டுடியோவுக்கு அனுப்பி, வேறு கேமராவில் எடுக்கச் சொல்லி, எல்லோரையும் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார்கள். கனத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கனத்தை ஏற்றி எல்லோரையும் சமமாக்கிய கொடுமையை நான் கண்ணால் பார்த்தேன்.

"இது வயக்காட்டுல நிக்கவங்களுக்கு எறங்காது அண்ணாச்சி" என்றேன்.

அவர் தன் போனை நீட்டிக் காட்டினார். "எனக்கு வருதே."

வரும். ஏன் வராது? எங்கள் அலுவலக வைஃபையில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் ஆறு மட்டுமா, கடலே பொங்கி வரும். அவர் கையில் இருந்தது போன மாதம் வாங்கிய போன். இந்தத் தொழிலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட சொல் ஒன்று உண்டென்றால் அது 'எனக்கு வருதே' என்பதுதான். கல்லூரிக்காரரும் அதைத்தான் சொன்னார், ஆஸ்பத்திரிக்காரரும் அதைத்தான் சொன்னார். தனக்கு வந்துவிட்டால் ஊருக்கே வந்துவிட்டது என்று நினைப்பு.

அவர்கள் போன பிறகு முதலாளியிடம் சண்டை போட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கவங்களுக்கு நாம வேல செஞ்சமாதிரி தெரியணும்லாம்மா. நீ எடுத்துப்போட்டத எவன் பாக்கப் போறான்?" என்றார். பிறகு என் அட்டவணைக்கு முன்னால் அவரே ஒரு முகப்பை வைத்தார். திறந்ததும் டிரோன் வீடியோவில் ஆறு பொங்கி வரும். அது முழுவதும் இறங்கிய பிறகுதான் 'உள்ளே செல்க' என்ற பொத்தான் தெரியும். உள்ளே போனால் பன்னிரண்டு எம்பி முகங்கள் வரிசையாக. அதற்கும் கீழே, கடைசியில், தண்ணீர் முறை.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் வைத்து அதைத் தொடங்கி வைத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். பச்சைத் துண்டு.

மாசி வந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். மதினியின் மடைக்கு வழக்கமாக வியாழக்கிழமை முறை. அணையில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியதால் அந்த வாரம் மட்டும் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்கள். மாற்றியதைத் திங்கள்கிழமை மத்தியானம் வெப்சைட்டில் ஒழுங்காகப் போட்டும் விட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

திங்கள்கிழமை சாயங்காலம் மதினி வரப்பில் நின்று பக்கத்தைத் திறந்திருக்கிறாள். வெடித்துப் போன வயலில் நின்றுகொண்டு, போனில் ஆறு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சக்கரம் சுற்றியிருக்கிறது. மேட்டில் ஏறி நின்று பார்த்திருக்கிறாள், சுற்றியிருக்கிறது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் முதலிலிருந்து சுற்றியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில், இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்துவிட்டது. பாதி ஆற்றை இறக்குவதற்கே ஒரு நாள் நெட்டும் போய்விட்டது. மாற்றம் இருந்தால் யாராவது சொல்வார்கள், இல்லையென்றால் வழக்கம்போல வியாழன்தான் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிய மண்வெட்டியோடு போனால் வாய்க்காலில் மண் தெரிகிறது. பக்கத்து வயல் மட்டும் நனைந்து கிடக்கிறது. அந்த வயல்காரர், "வெப்சைட்லதான் போட்டிருந்துச்சே, பாக்கலியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் வைஃபை உண்டு. அதுதான் அந்தப் பருவத்தின் கடைசி முறை. அதோடு அணையைச் சாத்திவிட்டார்கள்.

எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "ஏளா, உங்க ஆத்துப் படம் என் வயலக் காயப் போட்டுட்டு" என்று மட்டும் சொன்னாள்.

'உங்க' என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் வேண்டாம் என்று சொன்னேன், சண்டை போட்டேன் என்றெல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது. காய்ந்த நெல்லுக்கு என் சண்டையால் என்ன பிரயோசனம்? மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போய்ப் பார்த்தேன். கதிர் நிமிர்ந்து நின்றது. முற்றிய கதிர் தலை சாய்ந்திருக்கும். நிமிர்ந்து நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை, பதர். ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினேன், எல்லாமே பறந்துவிட்டது.

அதே மண்டபத்தில் நடந்த சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்துக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் முறை வருகிறவரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை, நடுவிலேயே எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, உங்க போன எடுத்துக்கிட்டு எங்க வயலுக்கு வாங்க. வரப்புல நின்னு நம்ம பக்கத்தத் திறந்து காட்டுங்க. திறந்துட்டா நான் இந்தத் தொழிலயே விட்டுட்டுப் போயிருதேன்" என்றேன். குரல் எட்டூருக்குக் கேட்டிருக்கும். இந்த ஒரு பொம்பளையுடைய வயல் உங்கள் மூஞ்சிகளின் கனத்தில்தான் நசுங்கியது என்றும் சொன்னேன். அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"சிக்னலுக்கு டவர்காரன்கிட்டலா கேக்கணும்?" என்றார் ஒருவர். "பெரிய பேக்கா ரீசார்ஜ் பண்ணச் சொல்லும்மா" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை, கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னதை என்னால் இன்றுவரைக்கும் பொறுக்க முடியவில்லை.

"தாயி சொல்லதுல நியாயம் இருக்கு. அந்த வீடியோவ எடுத்துருவோம். அதுக்குப் பதிலா, இவ்வளவு கஷ்டப்பட்டுப் பயிர் வைக்க அந்த அம்மா போட்டோவ முகப்புல போடுவோம். பெண் விவசாயின்னு எழுதி. நம்ம எல்லாருக்கும் போட்ட மாதிரியே பன்னெண்டு எம்பி. ஒரு கேபி கொறையக் கூடாது!"

மண்டபமே கைதட்டியது. ஸ்டுடியோக்காரர் அங்கேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மதினி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள், சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேண்டாம் அண்ணாச்சி. என் மூஞ்சி எறங்கி முடியதுக்குள்ள இன்னொருத்தி வயலும் காஞ்சிரும்" என்றாள்.

அடக்கம் என்று நினைத்துக்கொண்டு அதற்கும் கைதட்டினார்கள். அவள் வாயைத் திறந்து சொன்ன அந்த நேரத்தில்தான் ஸ்டுடியோக்காரர் படத்தை எடுத்துக்கொண்டார். அதை நான் ஏற்ற மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "சரி, விடு" என்று அவரே உட்கார்ந்து ஏற்றினார்.

ஆனியில் அடுத்த நெல்லுக்கான கார் பருவம் தொடங்கியது. மழை பிந்தியதால் ஆரம்பத்திலேயே முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். குத்தகைக்குக் கொடுத்த சொந்தக்காரர் சொன்ன சொல் தவறாதவர். மதினியின் வயலை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். இப்போது அவள் இரண்டு வயல் தள்ளி இன்னொருவருக்கு நடவுக்குப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். நாங்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது நடவு நடக்கிற வயலின் சொந்தக்காரர், அடுத்த முறை என்றைக்கு என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லும்படி மதினியிடம் கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தாள்.

மேலே இருந்து பையப் பைய இறங்கியது. முதலில் மண்டபத்துச் சீரியல் விளக்கு. அப்புறம் வகிடு. அப்புறம் பாதி நெற்றி. அங்கே நின்றுவிட்டது. 'உள்ளே செல்க' என்ற பொத்தான் அந்த முகத்துக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. மதினி போனைத் தட்டினாள், மேலே தூக்கிப் பிடித்தாள், மறுபடி பார்த்தாள்.

"சவத்து மூதி, பாத்தியாளா? இப்பம் நானே குறுக்க நிக்கேன்" என்றாள்.

நான் என் போனிலும் திறந்து பார்த்தேன், அதுவும் நெற்றியோடு நின்றது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ இரு, நான் போய் போர்டப் பாத்துட்டு வாரேன்" என்று சேற்றுக் காலோடு பக்கத்து ஊரைப் பார்த்து நடந்தாள். அவள் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்து போனைப் பார்த்தேன். போன் சூடாக இருந்தது. புருவம் இன்னும் வரவில்லை.